டொபியைத் தொடாத ஹாஜியார்

கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு விஷயம் சொல்லிக் கொடுக்கும்படி டொக்டர் என்னைக் கூப்பிட்டிருந்தார். ஒரு சனிக்கிழமை வந்தேன். உங்கள் எல்லோரையும் ஒன்றாகப் பார்த்ததும் எனக்கு வாய் திறக்கவில்லை. தேத்தண்ணீரைக் குடித்தேன், கூடுகள் சுத்தமாக இருக்கின்றன என்று சொன்னேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளை டொக்டர் பார்த்துத் திருத்தித் தருவார்.

என் வேலை பிடிக்கிற வேலை. டொக்டர் ஊசி போடும்போதும் காயம் தைக்கும்போதும் மிருகம் அசையாமல் பிடித்துக்கொள்வேன். இப்போது இடது முழங்கையை முழுதாக மடக்க முடியவில்லை. பிடிக்க முடியாதவன் அந்த அறையில் நிற்கக்கூடாது என்று நானே விலகிக்கொண்டேன். எப்படிப் பிடிப்பது, வாய்க்கட்டு எப்படிப் போடுவது என்பதை எல்லாம் நீங்கள் அங்கேயே பழகிக்கொள்வீர்கள். நான் எழுத நினைத்தது ஒரு சின்ன நாயைப் பற்றி. பெரிய நாய் வந்தால் எல்லோரும் விலகி நிற்பார்கள், கவனமாக இருப்பார்கள். சின்ன நாய் துள்ளினால் சிரிப்பார்கள். டொபி வந்த அன்று நாங்களும் சிரித்தோம்.

டொபி ஒரு பொமரேனியன். தேங்காய் நார் நிறம், கையளவு உடம்பு. அவனைப் பன்புல்லில் பின்னிய கூடையில் வைத்து ஓட்டோவில் கொண்டுவந்தவர் பரமேஸ்வரி அம்மா. யாழ்ப்பாணத்தவர். இளம் வயதில் மாத்தளையில் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு வேலைக்கு வந்து, காணிப் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்று, இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். கணவர் காலமாகிவிட்டார். மகள் கனடாவில்.

கூடையைத் திறந்ததும் டொபி வாங்கில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்த ஒவ்வொருவரின் காலுக்கும் ஓடினான். ஒருவர் தலையைத் தடவினார், ஒருவர் "வா வா" என்றார். அவன் சுற்றிச் சுற்றி ஓடிக் குரைத்து, கடைசியில் குரைப்பு இருமலாக மாறியது. வாத்து கத்துவது போன்ற இருமல். ஆடு ஒன்றோடு நாவுலையிலிருந்து வந்திருந்த ஒருவர், "நாய்க்குள்ள வாத்து ஒண்ணு இருக்குது போலம்மா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. கீழே குனிந்து டொபியின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். நாக்கு நாவற்பழம் தின்றது போல் இருந்தது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

டொக்டர் சிங்களவர். என்னோடு சிங்களத்தில்தான் பேசுவார், அம்மாவுக்கும் அது நன்றாக வரும். டொபியின் மூச்சுக்குழாய் நனைந்த கடதாசிக் குழாய் மாதிரி என்று அவர் விளக்கினார். வேகமாக இழுத்தால் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பயம் வரும். பயம் வந்தால் இன்னும் வேகமாக இழுப்பான். மருந்து இருக்கிறது, ஆனால் இந்தத் தொண்டைக்குப் பலமான தூக்க மருந்து கொடுக்கப் பயமாக இருக்கிறது. துள்ளாமல் வைத்திருப்பதுதான் முக்கியம். "சந்தோஷத்தில் துள்ளினாலும் பயத்தில் துள்ளினாலும் குழாய்க்கு ஒன்றுதான்" என்றார்.

அம்மா டொபியைத் தூக்கிக் கூடையில் வைத்தார். பிறகு தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, எனக்குக் கண்டியில நெஞ்சு ஒப்பரேஷன். திகதி தந்திட்டினம். போன முறை இவனை விட்டிட்டுப் போக ஆளில்லாமல் திகதியை மாத்தினனான். இனியும் மாத்தினால் தாங்கள் பொறுப்பில்லை எண்டு அங்கத்த டொக்டர் சொல்லிப்போட்டார்."

நான் சிங்களத்தில் டொக்டருக்குச் சொன்னேன். கிளினிக்கின் பின்பக்கம் பெரிய நாய்கள் இருக்கும் கூடுகளுக்கு நடுவே டொபியை வைத்தால் ஒரு நாள் தாங்கமாட்டான் என்று டொக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நான் அங்க மேசையில கிடக்கேக்க இவன் இங்க செத்துப்போனான் எண்டால், பிறகு எனக்கு என்னத்துக்கு ஒப்பரேஷன்?" என்று அம்மா கேட்டார். அழவில்லை. கணக்குக் கேட்பது போல் கேட்டார்.

டொக்டர் என்னைப் பார்த்தார். அப்படித்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன். அம்மா கண்டியில் இருக்கும் நாட்களில் நான் அங்கே தங்கி டொபியைப் பார்ப்பது என்று ஏற்பாடு. அதற்கு முன்பு, அம்மா இல்லாமல் அவனால் இருக்க முடியும் என்பதை அம்மா தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் போவார். அது அவருடைய நிபந்தனை.

வீடு அம்மன் கோயிலுக்குக் கிட்ட ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில். அரை மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஹாஜியாரின் வீடு. டவுனில் கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கி விற்கும் கடை அவருடையது, இப்போது பிள்ளைகள் நடத்துகிறார்கள். அம்மாவின் கணவர் இருந்த காலத்தில் மாலையில் விறாந்தையில் வந்து உட்கார்ந்து பேசுவாராம். டொபி வந்த பிறகு கேட்டோடு நின்றுவிடுவார். அம்மாவை அவர் மிஸ் என்றுதான் கூப்பிடுவார். நான் போன முதல் நாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நாயப் பார்க்கவா வந்தீக்கிறீங்க, மிஸ்ஸப் பார்க்கவா?"

"நாயைங்க."

"அப்ப தப்பிச்சீங்க."

உள்ளேயிருந்து அம்மா, "எனக்குக் கேக்குது ஹாஜியார்" என்றார்.

"கேக்கணும் எண்டுதானே செல்றது."

இவ்வளவு பேச்சுக்கும் டொபி என் காலைச் சுற்றித் துள்ளிக்கொண்டிருந்தான். அம்மா அவனிடம், "என்ர ராசா, யார் வந்திருக்கினம் பார், மாமா வந்திருக்கிறார்" என்று உச்சக் குரலில் சொல்லச் சொல்ல அவன் குரலும் ஏறியது. நானும் சேர்ந்து பேசினேன். மனிதர்களோடு எனக்குப் பேச வராது. நாய்களோடு நிறையப் பேசுவேன். "சரிடா, சரிடா, ஒண்ணுமில்லடா" என்று பேசிக்கொண்டே எத்தனையோ நாய்களைப் பிடித்திருக்கிறேன். இதையும் அப்படியே அடக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் சோதித்துப் பார்த்தோம். அம்மா கோயிலுக்குப் போய்வருவது, நான் டொபியோடு இருப்பது. அம்மா கைப்பையை எடுத்து வாசலுக்கு வந்து, "போட்டு வாறன் ராசா" என்று விடைபெற்றார். டொபி குரைக்கத் தொடங்கினான். படியில் இறங்கித் திரும்பி, "அழக்கூடாது, கெதியா வாறன்" என்றார். கேட்டடியில் நின்று மறுபடியும், "போட்டு வாறன், என்ன" என்றார். டொபி அலறினான். நாய் அப்படி அலறி நான் கேட்டதில்லை.

நான் அவனைத் தூக்கினேன். நெஞ்சோடு அணைத்துப் பேசினேன். துவாயில் சுற்றினேன். பிஸ்கட் காட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தேன், ஒவ்வொன்றும் நெருப்பில் எண்ணெய் விட்டது மாதிரி ஆயிற்று. இருமல் வந்தது. நாக்கு நிறம் மாறியது. கை கால் விறைத்தது. சத்தம் கேட்டு அம்மா ஒழுங்கையிலிருந்து ஓடிவந்து, என் கையிலிருந்து அவனைப் பறித்து, "ஐயோ என்ர குஞ்சு, அம்மா வந்திட்டன்" என்று முகத்தோடு முகம் வைத்துக் கத்தினார். அதோடு அவன் தலை தொங்கியது. அம்மா ஒரு கையால் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு ஹாஜியார் வந்தார். நாய்க்காக வரவில்லை, அம்மாவுக்காக வந்தார். "மிஸ், இரிங்க. முதல்ல இரிங்க. அதக் கீழ வைங்க" என்றார். அம்மாவின் கையில் பலம் இல்லை. டொபியைத் தரையில் விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். ஹாஜியார் சாரத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, விறாந்தைக் கதிரையில் பக்கவாட்டில் திரும்பி அமர்ந்தார். நாய் கிடந்த பக்கம் பார்க்கவில்லை. அம்மாவின் மூச்சைத்தான் கவனித்தார். அம்மாவுக்குப் பேச மூச்சில்லை. எனக்குப் பேச வாயில்லை. மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.

டொபியின் விலா ஒரு தரம் ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு தரம். எழுந்து நின்றான். தள்ளாடிப் போய் ஹாஜியாரின் கதிரைப் பக்கம் மோப்பம் பிடித்தான். ஹாஜியார் காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார், வேறொன்றும் செய்யவில்லை. டொபி அந்தக் கதிரைக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்தான். அவன் பகலில் படுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அந்த மனிதர் என்ன செய்தார் என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, தொடவில்லை, பார்க்கவில்லை, பேசவுமில்லை என்றேன். டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு யோசித்தார். அந்த வீட்டில் மற்ற எல்லோரும் டொபியோடு சேர்ந்து துள்ளுகிறார்கள், ஆறுதல் சொல்வதும் துள்ளுவது மாதிரித்தான் அவனுக்கு, அதனால் அந்த மனிதரைப் பார்த்து நீயும் அப்படியே இரு என்றார். முடிந்தால் அவரையும் வரச் சொல் என்றார்.

எனக்குக் கேட்க வெட்கம். மதிலடியில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். ஹாஜியாரே கேட்டார்.

"என்ன, செல்லுங்க."

சொன்னேன். அவர் தாடியைத் தடவினார்.

"தம்பி, அது மோசமான பிராணி எண்டு நான் செல்லமாட்டேன். அல்லாஹ்ட படைப்புத்தானே. ஆனா ஈரமான மூக்கு பட்டா ஏழு தரம் கழுவணும், அதுல ஒண்ணு மண் போட்டு. எனக்கு முழங்கால் வருத்தம். அவ்வளவு தரம் குனிய ஏலா."

"தொட விடமாட்டேங்க. நான் பக்கத்துலயே இருப்பேன்."

"நாய் பார்க்கிற ஹாஜியார் எண்டு கடையில செல்லிச் சிரிப்பானுங்க." மதிலுக்கு மேலால் அம்மாவின் விறாந்தையைப் பார்த்தார். "சரி, சிரிக்கட்டும். மிஸ் கண்டிக்குப் போகணும்."

அன்றிலிருந்து மாலை அஸர் தொழுகை முடிந்ததும் பத்திரிகையோடு வந்து அந்தக் கதிரையில் உட்காருவார். டொபி கிட்ட வந்தால் கால் உள்ளே போகும். டொபி போனால் கால் வெளியே வரும். அதைத் தவிர அவருக்கும் டொபிக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. டொபிக்கு அது பிடித்திருந்தது. இந்த ஒரு மனிதர் தன்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று அவன் நினைத்திருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் அவரைப் போலவே இருக்கப் பழகினேன். சாப்பாடு வைக்கும்போது பேசமாட்டேன். உள்ளே வரும்போது பார்க்கமாட்டேன். அவன் துள்ளினால் சுவரைப் பார்ப்பேன். துள்ளி முடித்துப் படுத்தால்தான் மெதுவாகக் கை வைப்பேன். இரண்டு மூன்று நாளில் என்னிடம் அவன் இருமுவது குறைந்தது.

கஷ்டம் அம்மாவுக்குத்தான். வெளியே போய் உள்ளே வரும்போது டொபியைப் பார்க்காமல் வரவேண்டும் என்றேன்.

"பிள்ளை மாதிரி ஓடி வாறான். பாக்காமல் போக நான் என்ன கல்லோ தம்பி?"

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து ஹாஜியார் பேசினார். "மிஸ்ஸுக்கு அது ஏலும். நான் காணி உறுதி விஷயமா கச்சேரிக்கு வந்து நிண்டீக்கிறேன். வரிசைல எத்தின சனம். மிஸ் தலையத் தூக்கி ஒருத்தரப் பார்க்கணுமே. நான் மிளகு வேற கொண்டு வந்தீந்தேன். அதையும் பார்க்கல்ல."

"லஞ்சம் வாங்கிறேல்லை நான்."

"மிளகு லஞ்சமா? பக்கத்து வீடு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து கேட்டுக்கு வெளியே போய், திரும்பி வந்தார். முகத்தைக் கச்சேரி முகமாக வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குக் கீழால் தரையைப் பார்த்துக்கொண்டு, டொபியைத் தாண்டி நடந்து போய்க் கதிரையில் அமர்ந்தார். டொபி சுற்றிச் சுற்றி வந்தான். இரண்டு தரம் இருமினான். பிறகு அவனுக்கே அலுத்துவிட்டது. உட்கார்ந்தான்.

"பார்த்தீங்களா, வரிசைல நிக்கிறான்" என்றார் ஹாஜியார்.

உள்ளே வருவதை அம்மா பழகிக்கொண்டார். வெளியே போவதைத்தான் பழக முடியவில்லை. பை எடுத்தால் டொபி குரைப்பதில்லை. செருப்புப் போட்டாலும் குரைப்பதில்லை. அம்மா "போட்டு வாறன்" என்றால் மட்டும்தான் அந்த அலறல். நான் பல தரம் கவனித்துப் பார்த்தேன். மெல்லச் சொன்னாலும் அவனுக்குக் கேட்டது. ஒரு நாள் துணிந்து, "அதைச் சொல்லாமப் போனா என்னங்கம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என்னை நேராகப் பார்த்தார்.

"செத்த வீட்டிலயிருந்துதான் தம்பி சொல்லாமல் போறது."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள்கூட வாசலில் "போயிட்டு வர்றேன்" என்பார்கள், வீட்டிலிருந்து "போயிட்டு வாங்க" என்று பதில் வரும். பதில் வராவிட்டால் நின்று வாங்கிக்கொண்டுதான் போவார்கள். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் எழுந்து வருவோம். அம்மா கடைக்குப் போகவில்லை. நெஞ்சைத் திறக்கப் போகிறார். தன் வீட்டிலிருந்து, சாவு வீட்டிலிருந்து போவதுபோல வாயை மூடிக்கொண்டு போங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டுப் போனால் டொபி அலறுவான், அம்மா கேட்டடியிலிருந்து திரும்பி வருவார், கண்டிக்குப் போகமாட்டார். சொல்லாமல் போனால் டொபி அமைதியாக இருக்கலாம், ஆனால் அம்மா மேசையில் படுக்கும்போது மனதில் என்ன இருக்கும்? நாய்க்கு எது நல்லது என்று எனக்குத் தெரிந்தது. நாய்க்கு நல்லதென்பதற்காக அம்மாவிடம் அதைக் கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. டொக்டரிடம் சொன்னேன். "அது அவருடைய இதயம், நாம் வற்புறுத்தக்கூடாது" என்றார் டொக்டர். டொபிக்குக் கொடுக்க, பதற்றம் குறைக்கும் லேசான ஒரு மாத்திரை தந்தார். அம்மா சொல்லிவிட்டுத்தான் போவார் என்று வைத்துக்கொண்டு, அதற்கு என்ன செய்யலாம் என்று பார் என்றார்.

நான் செய்தது கொஞ்சம்தான். அம்மாவின் பெட்டியை முதல் நாளே கண்டிக்குப் போகிற வான் வண்டியில் ஏற்றிவிட்டேன். வானை ஒழுங்கைக்குள் கொண்டுவராமல் பெரிய ரோட்டில் நிறுத்தச் சொன்னேன். கேட் கொளுக்கிக்கு எண்ணெய் விட்டேன். ஹாஜியாரிடம் வாசல் பிரச்சினையைச் சொன்னேன். அவர், "ஓ, அப்படியா" என்றார். 

போகிற நாள் காலை. அம்மா தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, சாமிப் படத்தின் முன் நின்றுவிட்டு விறாந்தைக்கு வந்தார். ஹாஜியார் மாலையில் வருகிறவர், அன்று காலையிலேயே வந்து பத்திரிகையை விரித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். டொபி ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்தான். நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

அம்மா வாசற்படியில் நின்றார். டொபியைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. வாய் திறந்தது. டொபியின் காது நிமிர்ந்ததை நான் கண்டேன். அம்மாவும் கண்டார். வாய் திறந்தபடி அப்படியே நின்றார். மூடவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. ஓடிப்போய் டொபியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடலாமா என்று என் கால் துடித்தது. தூக்கினால் எல்லாம் கெட்டுவிடும் என்றும் தெரிந்தது. நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஹாஜியார் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், கடைக்கு வந்த ஆளிடம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

"போய்ட்டு வாங்க மிஸ்."

அம்மா அவரைப் பார்த்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லும் முன்பே பதில் வந்துவிட்டது. பதில் வந்த பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அம்மா வாயை மூடினார். ஒரு தரம் தலையாட்டினார். படி இறங்கினார், கேட்டைத் திறந்தார், மூடினார், போனார். திரும்பவில்லை.

டொபி தலையைத் தூக்கிக் கேட்டைப் பார்த்தான். ஹாஜியாரின் குரல் அவனுக்கு எந்தக் கவலையையும் கொடுக்கிற குரல் இல்லை. ஒரு தரம் இருமினான். தலையைக் கீழே வைத்தான். நான் ஹாஜியாரைப் பார்த்தேன்.  வான் போன சத்தம் ரோட்டுப் பக்கம் கேட்கும்வரை அவர் பக்கத்தைத் திருப்பவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. டொபி முதல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வாசலில் போய் இருப்பான். நான் கூப்பிடமாட்டேன். அவனாக வருவான். ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று கனடாவிலிருந்து மகள் போன் எடுத்துச் சொன்னபோது நான் மதிலடிக்குப் போனேன். ஹாஜியார் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழுச் செய்துகொண்டிருந்தார். நான் சொன்னதும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "நாய் என்ன செய்யிது?" என்று கேட்டார். அவராக டொபியைப் பற்றிக் கேட்டது அன்றுதான்.

அம்மா திரும்பி வருவதற்கு முதல் நாள் டொக்டர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். போகும்போது இருந்த ஆபத்தைவிட வரும்போது பெரிது என்றார். இவ்வளவு நாள் காணாத சந்தோஷத்தை அந்தக் குழாய் தாங்க வேண்டும். அம்மாவின் நெஞ்சில் தையல் இருக்கிறது, நாய் மேலே பாயக்கூடாது, அவர் குனிந்து தூக்கவும் கூடாது. டொபியை ஓர் அறைக்குள் பூட்டி வைக்கலாமா என்று கேட்டேன். குரல் கேட்கும், கதவைப் பிறாண்டியே போய்விடுவான் என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். யாராவது வேறு விதமாகச் சொன்னால் நல்லது என்றுதான் கேட்டேன்.

அம்மா பகலில் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். ஹாஜியார் தன் கதிரையை விறாந்தையின் நடுவில் போட்டுவிட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். நான் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கினேன். அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி ஏறினார். டொபி உள்ளேயிருந்து வந்தான்.

முதலில் குரைக்கவில்லை. நின்றான். பிறகு வாயிலிருந்து ஒரு மெல்லிய சத்தம் வந்தது, கதவு கிறீச்சிடுவது போல. அடுத்த நிமிஷம் அவன் விறாந்தை முழுவதும் ஓடினான். கதிரைக்குக் கீழால், அம்மாவின் காலுக்கு நடுவால், சுவரில் மோதி, மறுபடியும். அம்மா கதிரையில் அமர்ந்து இரண்டு கையையும் மடியில் கோர்த்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார். டொபி எழும்பி முன்கால்களை முழங்காலில் வைத்தான். அம்மா அசையவில்லை. இறங்கி ஓடினான். இருமல் தொடங்கியது.

வாத்துச் சத்தம். விட்டு விட்டு வந்தது, பிறகு விடாமல் வந்தது. அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. தலை திரும்பவில்லை.

"தம்பி, நாக்கு நிறம் மாறுதோ?"

நான் பார்த்தேன். மாறத் தொடங்கியிருந்தது. கடும் நிறம் இல்லை. முதல் நாள் நான் பார்த்தது போல் இல்லை. ஆனால் மாறிக்கொண்டிருந்தது. தூக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தூக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். கையை நீட்டச் சொல்லி உடம்பெல்லாம் கேட்கும். பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவர் உங்கள் வாயையே நம்பி இருப்பார்.

"கொஞ்சம் மாறுதும்மா" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. "நீங்க அப்படியே இருங்க. நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

அம்மா இருந்தார். கோர்த்த விரல்கள் வெளுத்துப் போயின. நானும் சுவரில் சாய்ந்து நின்றேன். என் மூச்சு சத்தமாக வருவதை அப்போதுதான் கவனித்தேன், அதை மெதுவாக்கினேன். மதிலுக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லை.

டொபி இருமிக்கொண்டே ஒரு சுற்று ஓடினான். அடுத்த சுற்று நடந்தான். நடுவில் நின்று, மதிலுக்கு மேலால் தெரிந்த ஹாஜியாரோடு எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். யாரும் துள்ளவில்லை. இருமல் இரண்டு தரம் வந்தது, பிறகு ஒரு தரம், பிறகு தொண்டையைச் செருமுவது போல ஏதோ. உட்கார்ந்தான். நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கினான். நாக்கு ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சிவந்து வந்தது.

"இப்ப?" என்றார் அம்மா, சுவரிடம்.

"இன்னும் கொஞ்சம்மா."

அவன் எழுந்து அம்மாவின் செருப்பை மோந்தான். வான், ஆஸ்பத்திரி, கண்டி என்று அதில் என்னவெல்லாம் இருந்ததோ, நெடுநேரம் மோந்தான். பிறகு அந்தச் செருப்பின் மேலேயே நாடியை வைத்துப் படுத்தான். கண் மூடவில்லை. விலா வேகமாக ஏறி இறங்கியது. நான் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி?"

"இன்னும் கொஞ்சம்."

அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். டொபியின் ஒரு கண் மூடியது. மற்றதும் மூடியது. விலா ஒரு சீராக, மெதுவாக, தூங்கும் நாயின் விலா மாதிரி ஏறி இறங்கியது. அதற்குப் பிறகும் நான் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"இப்ப தொடுங்கம்மா" என்றேன்.

அம்மாவால் குனிய முடியாது. செருப்பிலிருந்து மற்றக் காலைக் கழற்றி, வெறும் பாதத்தை மெதுவாக அவன் முதுகில் வைத்தார். டொபி கண் திறக்கவில்லை. வாலின் நுனி மட்டும் ஒரு தரம் தரையில் தட்டியது.